தூண் வடிவ ஆப்பிளை விதையிலிருந்து உருவாக்குவது எப்படி?

பக்கக் கிளை அதிகம் விடாமல், நேராக நிமிர்ந்து, தண்டை ஒட்டியே காய்க்கும் ஆப்பிளுக்கு மூலம் விஜ்சிக் என்ற ரகம். 1960களில் கனடாவின் கெலோனா பகுதியில், ஒரு மெக்கின்டாஷ் மரத்தில் தானாக உருமாறிய கிளையிலிருந்து வந்தது. இந்த வளர்ச்சிக்குக் காரணம் 10ஆவது குரோமோசோமில் உள்ள ‘கோ’ மரபணு. அது ஓங்கு பண்பு. ஒரு பிரதி இருந்தாலே போதும். ஆகவே தூண் மரத்தைச் சாதாரண ரகத்தோடு கலந்தால் நாற்றுகளில் ஏறக்குறைய பாதி தூணாக வரும். நடைமுறையில் சற்றுக் குறையலாம்.

வடிவம் இப்படி எளிதில் வந்துவிடும், சுவைதான் கடினம். அதனால் மற்ற பெற்றோரைச் சுவை, நோய் எதிர்ப்பு இரண்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மெக்கின்டாஷ் வழியில் சொறிநோய் எளிதில் தாக்கும் என்பதால் எதிர்ப்புள்ள ரகம் நல்லது. பிராம்லி, ஜோனாகோல்ட் போன்ற மும்மடிய ரகங்கள் (வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதி உள்ளவை) வேண்டாம். அவற்றின் மகரந்தம் பெரும்பாலும் மலடு.

மகரந்தம் தரும் தந்தை மரத்தில், நாளை விரியும் என்ற நிலையில் உப்பியிருக்கும் மொட்டுகளைப் பறித்து, மகரந்தப்பைகளைக் காகிதத்தில் உதிர்த்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளில் அவை வெடித்து மஞ்சள் தூளாகும். நேர்வெயிலில் காயவைத்தால் செத்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட சிறு புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரம் தாங்கும்.

தாய் மரத்திலும் அதே பருவ மொட்டுதான் வேண்டும். விரிந்த பூவில் தேனீ ஏற்கெனவே வந்துபோயிருக்கும். கொத்துக்கு இரண்டு மொட்டை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். சிறு இடுக்கியால் இதழ்களையும் கேசரங்களையும் சுற்றிலும் நீக்குங்கள். நடுவிலுள்ள ஐந்து சூல்தண்டுகளில் கீறல் படக்கூடாது. சூல்முடிகளில் மகரந்தத்தைத் தடவி, மறுநாள் இன்னொரு முறை தடவுங்கள். இதழில்லாத பூவைத் தேனீ அநேகமாகச் சீண்டாது. ஆனாலும் உறை போடுவது பாதுகாப்பு. பெற்றோர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைக் கிளையில் கட்டுங்கள். சீட்டு தொலைந்தால் கலப்பே வீண்.

பழுத்த கனியில் பொதுவாகப் பத்து விதை வரை இருக்கும். கழுவி, ஈர மணலில் கலந்து 3–5 டிகிரி செல்சியஸில் சுமார் 12 வாரம் வையுங்கள். மணலைப் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. சொட்டினால் பூஞ்சை பிடிக்கும். குளிர்காலத்தைக் கடக்காத விதை உறங்கியே கிடக்கும்.

முதலாண்டில் நாற்றின் வடிவத்தை நம்பிக் கழிக்காதீர்கள். பக்கக் கிளை இயல்பாக விடவேண்டிய இரண்டாம் ஆண்டில்தான் வேறுபாடு தெளியும்: தடித்த தண்டு, நெருங்கிய கணுக்கள், கிளைக்குப் பதில் குட்டைக் காய்த்தளிர்கள். அதுவரை நுனியை வெட்டவே வேண்டாம்; வெட்டினால் எல்லா நாற்றும் கிளைக்கும், எது தூண் என்று பிரிக்க முடியாது.

தேறியவற்றின் மொட்டை எம் 9 போன்ற குட்டை வேர்ச்செடியில் ஒட்டினால் சீக்கிரம் காய்க்கும். அப்போதும் பழத்தைப் பார்க்கச் சில ஆண்டு ஆகும். சுவை போதவில்லையென்றால் சிறந்த தூணை வேறொரு நல்ல ரகத்தோடு மீண்டும் கலக்குங்கள். பழைய ரகத்தையே திரும்பக் கலந்தால் உட்கலப்பால் வீரியம் குறையும். ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்கிற குணம் தூண் மரங்களில் அதிகம், அதனால் ஒரே அறுவடையைப் பார்த்து எந்த மரத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.