டிரெய்லருக்கு வெறும் சர்ஜ் புரொடெக்டர் போதாது

டெக்சாஸ் கோடையில் கேம்ப்கிரவுண்டு நிரம்பி வழியும் வாரயிறுதிகளில் வண்டிக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் எங்கள் டிரெய்லர் வீட்டின் ஏசி முனகிக்கொண்டே நின்றுவிடும். ஏசியில்தான் கோளாறு என்றார்கள். உள்ளே ஒரு பிளக் பாயிண்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், 120 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 102. எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது, கம்ப்ரசர் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகிறது.

ஏற்கெனவே மாட்டியிருந்த சாதாரண சர்ஜ் புரொடெக்டர் இதற்கு உதவாது. அதற்குள் இருக்கும் எம்ஓவி என்ற பாகம், மின்னல் போன்றவற்றால் திடீரென எகிறும் வோல்டேஜைத்தான் உறிஞ்சும், அதுவும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும்.

சரி என்று வோல்டேஜைக் கண்காணிக்கும் கருவியான ஈஎம்எஸ் ஒன்றை, எங்கள் 30 ஆம்ப் இணைப்புக்கு ஏற்றதாக, வாங்கினேன். வோல்டேஜ் 104-க்குக் கீழோ 132-க்கு மேலோ போனால் இணைப்பையே துண்டித்துவிடும், நிலைமை சரியானாலும் கம்ப்ரசருக்காக இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருந்துதான் மறுபடி கொடுக்கும். விலை கடிக்கும்தான், புது ஏசி விலையைக் கேட்டால் வாயடைத்துவிடும்.

50 ஆம்ப் இணைப்புள்ள வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே இரண்டு 120 வோல்ட் லைன்கள் வருகின்றன. இரண்டுக்கும் பொதுவான நியூட்ரல் வயர் விட்டுப்போனால் ஒரு பக்கம் 200 வோல்ட்டைக்கூடத் தாண்டலாம், டிவி, மைக்ரோவேவ் எல்லாம் புகைந்துவிடும்.

இப்போது கேம்ப்கிரவுண்டின் மின் இணைப்புப் பெட்டியில் பிரேக்கரை ஆஃப் செய்து, ஈஎம்எஸ்ஸை மட்டும் செருகி, ஆன் செய்து பார்க்கிறேன். எல்லாம் சரியென்றால் திரும்ப ஆஃப் செய்துவிட்டுத்தான் டிரெய்லர் கேபிள். ஈஎம்எஸ் வோல்டேஜை ஏற்றித் தராது, அதனால் வெயில் நாட்களில் கரண்ட் சுமையைக் குறைக்க வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிடுகிறேன், ஏசி ஓடுகிறது.