பாட்டிலை அலசாதீர்கள்: தண்ணீர் மாதிரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரை மாதிரி எடுக்கத் தெருக்குழாய்க்கு அழைத்துப் போனேன். கையைச் சுத்தம் செய், மூடியின் உட்புறத்தைத் தொடாதே என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். இருவரும் செய்தது, பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே காரியம்.

பாட்டிலை அலசுவது

ரசாயனப் பரிசோதனை என்றால், பிடிக்கப்போகும் தண்ணீராலேயே பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசுவோம். அங்கே அது சரி. கிருமிப் பரிசோதனைப் பாட்டிலிலும் கை பழக்கத்தில் அதையே செய்தால் போச்சு. அடியில் ஒட்டியிருப்பது அழுக்கு இல்லை, சோடியம் தயோசல்பேட். தண்ணீரில் இருக்கும் குளோரினை உடனே முறிப்பதற்காகப் போட்டு வைத்தது. அதைக் கொட்டிவிட்டால், ஆய்வகம் போய்ச் சேரும்வரை குளோரின் பாட்டிலுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். குழாயடியில் குடித்தவர் வயிற்றுக்குள் உயிரோடு போன ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கிருமி), பாட்டிலில் நான்கு மணி நேரத்தில் செத்துப்போயிருக்கும். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம். அறிக்கையும் சமர்த்தாக 'இல்லை' என்று வரும்.

எனக்கு வந்தது அப்படித்தான். ஒரு சிறு நகரம், ஒரே தெருவில் வீட்டுக்கு ஒருவருக்குப் பேதி. ஆறு மாதிரி எடுத்தேன், ஆறு பாட்டிலையும் பொறுப்பாக அலசினேன். ஆறும் சுத்தம் என்று வந்தது. தண்ணீரில் கோளாறு இல்லை என்றதும், எல்லோருமாகத் தெருமுனைத் தள்ளுவண்டிக்காரரைப் பிடித்துக் கடையை மூட வைத்தார்கள். பேதி நிற்கவில்லை. ஐந்தாம் நாள் மூத்தவர் ஒருவர் வந்து, அலசாத பாட்டில்களில் மறுபடி எடுத்தார். நான்கில் ஈ.கோலை. சாக்கடைக்குள் ஓடிய வீட்டு இணைப்புக் குழாயில் ஓட்டை இருந்தது. அந்தக் கடைக்காரர் இன்றும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் கோபம் நியாயம்தான்.

அப்புறம், குளோரின் அளவை அங்கேயே, வேறு தண்ணீர் பிடித்துப் பாருங்கள். தயோசல்பேட் பாட்டிலில் பார்த்தால் எப்போதும் பூஜ்யம்தான்.

தப்பான குழாய், தப்பான நேரம்

மாடித் தொட்டிக் குழாயில் பிடித்தால் தொட்டியின் லட்சணம்தான் தெரியும். தெரு லைனிலிருந்து நேராக வரும் குழாயைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. நின்றதும் குழாய் காலியாகி, ஓட்டை வழியாகச் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். வழக்கமாக இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடிப்போம். பேதி பரவும் தெருவில், திறந்ததும் வருகிற முதல் தண்ணீரிலும் தனியாக ஒரு பாட்டில் பிடியுங்கள்.

முட்ட நிரப்புவது

ஒரு விரல் இடம் விடுங்கள். ஆய்வகத்தில் பாட்டிலைக் குலுக்க வேண்டும்.

ஐஸ் பெட்டி

மாதிரி இதில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போகட்டும். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள்.

சீட்டு

மாதிரி பிடித்த நேரத்தை 'காலை' என்று எழுதாதீர்கள். 6.40 என்று எழுதுங்கள்.