ஆஸ்திரேலியாவில் அப்பா அம்மாவுக்கு அரசு உதவி: மதிப்பீட்டுக்குத் தயாராவது எப்படி?

வீட்டைச் சுத்தம் செய்ய ஆள், குளிக்க உதவி, முதியோர் இல்லத்தில் இடம் என எதுவானாலும், அரசுப் பணத்தில் கிடைக்க, அவருக்கு என்ன உதவி தேவை என்று பார்க்கும் மதிப்பீடு முதலில் நடக்க வேண்டும். முன்பு சிறு உதவிக்கு ஒரு குழு, பெரிய உதவிக்கு இன்னொரு குழு என்று அலையவிட்டார்கள். 2024 டிசம்பரில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். மதிப்பீட்டுக்குக் கட்டணம் கிடையாது.

1. பதிவு செய்யுங்கள்

பொதுவாக வயது 65 ஆகியிருக்க வேண்டும். பூர்வகுடி மக்களுக்கு 50. மெடிகேர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அரசின் முதியோர் உதவிச் சேவையான 'மை ஏஜ்ட் கேர்' எண் 1800 200 422-ஐ அழையுங்கள். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம்; குடும்ப டாக்டரும் பரிந்துரை அனுப்பலாம். அம்மாவே தமிழில் பேச விரும்பினால் 131 450-ஐ அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, மை ஏஜ்ட் கேருக்கு இணைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேசுவதானால் அவர் பக்கத்தில் இருக்கட்டும், அவருடைய சம்மதத்தைக் கேட்பார்கள். அடுத்தடுத்த அழைப்புகளையும் நீங்களே கவனிக்கப்போகிறீர்கள் என்றால், உங்களை ஆதரவாளராகப் பதிவு செய்துவிடுங்கள்.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

மருந்துப் பட்டியல், டாக்டர்களின் விவரம், மருத்துவமனைக் கடிதங்கள். இவ்வளவு போதும்.

3. மதிப்பீட்டாளர் வரும் நாள்

நம் வீடுகளில் காரியம் கெடுவது இங்கேதான். வந்தவரை விருந்தாளியாக நினைத்து, அம்மா நல்ல சேலை கட்டி, தேநீர் கொடுத்து, "எனக்கு ஒரு குறையும் இல்லை, மகள் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள்" என்பார். மதிப்பீட்டாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போவார். அப்புறம் உதவி எங்கிருந்து வரும்?

அதனால் முந்தைய நாளே உட்கார்ந்து பேசுங்கள். நல்ல நாளைச் சொல்ல வேண்டாம், மோசமான நாளைச் சொல்லட்டும். எப்போது விழுந்தார், இரவில் எத்தனை முறை எழுகிறார், அடுப்பை அணைக்க மறக்கிறாரா, குளியலறையில் எதைப் பிடித்து நிற்கிறார். நீங்கள் தினமும் செய்து கொடுப்பவற்றையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்த வேலைகளை அவரே செய்துகொள்கிறார் என்று கணக்காகிவிடும்.

மொழிபெயர்ப்பை நீங்களே செய்யாதீர்கள். சிறுநீர் கசிவதை மகன் முன்னால் எந்த அம்மா சொல்வார்? மொழிபெயர்ப்பாளர் இலவசம், முன்கூட்டியே கேளுங்கள்.

4. முடிவு வந்த பிறகு

முடிவு கடிதமாக வரும். 2025 நவம்பர் 1 முதல் வீட்டு உதவிக்கான முக்கியத் திட்டம் 'சப்போர்ட் அட் ஹோம்'. தொடர்ந்து உதவி தேவைப்படுபவர்களுக்கு அதில் 8 நிலைகள். ஓரிரு சிறு உதவிகள் போதுமென்றால் 'காமன்வெல்த் ஹோம் சப்போர்ட்' திட்டத்துக்கு அனுப்புவார்கள். அனுமதி கிடைத்த உடனே ஆள் வந்துவிடாது. அவசரத்தைப் பொறுத்து வரிசை உண்டு. சப்போர்ட் அட் ஹோமில் நர்ஸ், பிசியோதெரபி போன்ற மருத்துவக் கவனிப்புக்கு நீங்கள் பங்கு கட்ட வேண்டாம். மற்றவற்றுக்கு வருமானம், சொத்தைப் பார்த்து, நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்று 'சர்வீசஸ் ஆஸ்திரேலியா' என்ற அரசு அமைப்பு முடிவு செய்யும்.

முடிவு சரியில்லை என்று தோன்றினால், கடிதம் கிடைத்த 28 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். எழுதத் தெரியவில்லையே என்று விட்டுவிட வேண்டாம்: 1800 700 600-ஐ அழைத்தால் முதியோருக்காக வாதாடும் 'ஓபன்' அமைப்பினர் இலவசமாக உதவுவார்கள்.