சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் எடை கூட்டுவது எப்படி: கொழுப்புணவும் நொதி மாத்திரையும்

சளி பிடித்த குழந்தைக்கு நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பால், தயிர், நெய், வாழைப்பழம். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் எண்ணெய் பட்ட எதுவும் கூடாது, கஞ்சி மட்டும் என்பார்கள். மற்றக் குழந்தைகள் இரண்டு நாள் அப்படி இருப்பதால் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோயுடன் பிறந்த குழந்தைக்குச் சளியும், எண்ணெய்ப் பசையுடன் போகும் மலமும் ஆண்டு முழுவதும் தொடரக்கூடியவை. அந்தக் குழந்தைக்கும் இதே பத்தியத்தை வைத்தால், ஏற்கெனவே மெலிந்திருக்கும் உடம்பின் கடைசிக் கையிருப்பையும் நாமே கரைத்துவிடுகிறோம். அதற்குக் கொழுப்பு வேண்டும், தாராளமாகவே வேண்டும்; அந்தக் கொழுப்பைச் செரிக்க வைக்கும் நொதி மாத்திரையும் ஒவ்வொரு வேளையும் கூடவே உள்ளே போக வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தே நடத்தும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் அளவுகளை, உங்கள் குழந்தையைப் பார்த்துவரும் மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தத்தோடு கடைப்பிடியுங்கள்.

நோயின் வேர் 7ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் இருக்கிறது. அது 1989இல் கண்டறியப்பட்டது. அந்த மரபணு பழுதானால், உடலின் உட்பரப்புகளில் உப்பும் நீரும் வந்துபோகும் வழி அடைபட்டு, சுரப்புகள் பிசினாகக் கெட்டிப்படுகின்றன. நுரையீரலில் அது விடாத சளியாகிறது. கணையத்தில் அது குழாய்களை அடைத்துவிடுவதால், கொழுப்பைச் செரிக்க வைக்கும் லைப்பேஸ் என்ற நொதி குடலுக்கு வந்து சேர்வதே இல்லை. இந்நோய் உள்ளவர்களில் 85 முதல் 90 சதவீதம் பேருக்குக் கணையம் இப்படிச் செயலிழந்திருக்கும். உண்ட கொழுப்பு அப்படியே வெளியேறுகிறது. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதோடு போய்விடுகின்றன. மறுபுறம், மூச்சு விடும் உழைப்பும் ஓயாத நுரையீரல் தொற்றும் கலோரிகளை எரித்துக்கொண்டே இருக்கின்றன. வரவு குறைந்து செலவு கூடிய வீடு போன்ற நிலைதான் இது. அதனால்தான் ஒரே வயதுள்ள மற்றவர்களைவிட 20 முதல் 50 சதவீதம் வரை கூடுதல் கலோரி பலருக்குத் தேவைப்படுகிறது. மொத்தக் கலோரியில் 35 முதல் 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வரலாம் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவு.

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நம் பாட்டிமார்களைப் போலத்தான் நினைத்தது. மலத்தில் கொழுப்பு போகிறதா, உணவில் கொழுப்பைக் குறை என்பதே அன்றைய வழக்கம். 1970களில் டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனை அதைக் கைவிட்டு, வேண்டிய அளவு கொழுப்பையும் அதற்கு ஈடான நொதியையும் கொடுத்தது; பாஸ்டனில் பழைய குறைகொழுப்பு உணவே தொடர்ந்தது. இரண்டு நகரங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1988இல் வெளிவந்தபோது, நோயாளிகளின் இடைநிலை ஆயுள் பாஸ்டனில் 21 ஆண்டு, டொராண்டோவில் 30 ஆண்டு என்று தெரிந்தது. நுரையீரலின் திறன் இரு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. டொராண்டோப் பிள்ளைகள் நல்ல உயரமாக வளர்ந்திருந்தார்கள். அதன் பிறகு உலகம் முழுவதும் சிகிச்சை முறை மாறியது. "இவ்வளவு நெய்யா?" என்று கேட்கும் உறவினரிடம் இந்த ஒப்பீட்டைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு நாள் கணக்கு

25 கிலோ எடையுள்ள ஓர் எட்டு வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அந்த வயதுக்கு ஏறத்தாழ 1700 கலோரி தேவை. 20 சதவீதம் கூட்டினால் 2040. அதில் 35 முதல் 40 சதவீதம் கொழுப்பு என்றால் நாளொன்றுக்கு 80 முதல் 90 கிராம் வருகிறது. இட்லி, சாம்பார், ரசம் சாதம், கொஞ்சம் பொரியல், அரை லிட்டர் பால் என்று போகும் சாதாரணச் சாப்பாட்டில் 35 கிராம் தேறினாலே அதிகம். மீதியை எங்கிருந்து கொண்டுவருவது?

இன்னும் இரண்டு கரண்டி சோறு போடுவதால் இது நடக்காது. சிறிய வயிறு அதற்கு இடம் கொடுக்காது. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9 கலோரி. ஆகவே உணவின் பருமனைக் கூட்டாமல், இருக்கும் உணவுக்குள்ளேயே கொழுப்பை ஏற்ற வேண்டும். நாள்தோறும் கொடுக்கும் அரை லிட்டர் பாலை, 3 சதவீதக் கொழுப்புள்ள பாலிலிருந்து 6 சதவீதம் உள்ள நிறைகொழுப்புப் பாலாக மாற்றுங்கள்: 15 கிராம் கொழுப்பு, சுமார் 140 கலோரி கூடும். மதியச் சோற்றில் இரண்டு தேக்கரண்டி நெய்: 9 கிராம், 80 கலோரி. மாலையில் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலை: 15 கிராம், 170 கலோரி. இனி காலை இட்லிக்கு வருவோம். வெறும் இட்லியில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். பொடியைத் தட்டில் குவித்து, நடுவில் குழி செய்து, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயை அளந்து ஊற்றிக் குழைத்து, இட்லியின் இரு பக்கமும் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கொடுங்கள். 14 கிராம் கொழுப்பும் 120 கலோரியும் இட்லிக்குள் இறங்கிவிடும், தட்டில் எண்ணெய் தங்காது. நான்கையும் கூட்டினால் 53 கிராம் கொழுப்பு, 510 கலோரி. முன்பிருந்த 35 கிராமையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 88 கிராம் கொழுப்பு. பிள்ளை சாப்பிடும் அளவு அந்தக் கடலையைத் தவிர வேறெதுவும் கூடவில்லை.

ஒரே வாரத்தில் இத்தனையையும் சேர்த்துவிடாதீர்கள். ஒன்றைச் சேர்த்து, வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று நான்கைந்து நாள் பார்த்து, பிறகு அடுத்ததைச் சேர்ப்பது நல்லது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அரைத்தோ பொடித்தோ கொடுங்கள். கூழ் குடிக்கும் வயதில் கேழ்வரகுக் கூழில் நெய்யோ தேங்காய்ப்பாலோ சேர்க்கலாம்.

நொதி மாத்திரையைக் கொடுக்கும் விதம்

எடை ஏறவில்லை என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் கேட்பது உணவைப் பற்றியன்று, மாத்திரையைப் பற்றித்தான். நெய்யைக் கூட்டியிருப்பார்கள், மாத்திரையின் எண்ணிக்கை மட்டும் ஒரு வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்ததாகவே இருக்கும். உணவில் கொழுப்பு கூடும்போது நொதியும் கூட வேண்டும். மருத்துவர் ஒரு கிராம் கொழுப்புக்கு 2000 லைப்பேஸ் யூனிட் என்று வகுத்துக் கொடுத்திருப்பதாக வைத்துக்கொண்டால், 20 கிராம் கொழுப்புள்ள வேளைக்கு 40,000 யூனிட், அதாவது 10,000 யூனிட் மாத்திரை நான்கு. மேலே சொன்ன பிள்ளைக்கு நாள் முழுவதும் 88 கிராமுக்கு 1,76,000 யூனிட் ஆகும். இதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு வேளைக்கு 2500 யூனிட்டையும், ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டையும் தாண்டக் கூடாது. 1990களில் மிக அதிக அளவு எடுத்துக்கொண்ட சில குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கிப்போனதால் வகுத்த வரம்பு இது. நம் 25 கிலோப் பிள்ளைக்கு அந்த எல்லை நாளொன்றுக்கு 2,50,000, எனவே இடமிருக்கிறது. கூட்டுவதா குறைப்பதா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

மாத்திரை முதல் கவளத்துக்குச் சற்று முன் போக வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குமேல் அதன் வேலை நீடிக்காது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும்போதும், விளையாடிக்கொண்டே உண்ணும் சிறு குழந்தைக்கும், பாதியைத் தொடக்கத்திலும் பாதியை நடுவிலும் கொடுப்பது சிறந்தது. மறந்துபோய்ப் பாதிச் சாப்பாட்டில் நினைவு வந்தால் உடனே கொடுங்கள். சாப்பிட்டு வெகுநேரமாகிவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த வேளைக்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். பழம், பழச்சாறு, கற்கண்டு, பால் சேர்க்காத தேநீர் போன்றவற்றுக்கு மாத்திரை தேவையில்லை. ஒரு டம்ளர் பாலுக்கும், ஒரு வடைக்கும், கடலை மிட்டாய்க்கும் தேவை. பள்ளியில் பிறந்தநாள் கேக் கிடைக்கும் நாளை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

விழுங்கத் தெரியாத குழந்தைக்கு மாத்திரையின் கூட்டைத் திறந்தால் உள்ளே கடுகைப்போலச் சின்னச் சின்ன மணிகள் இருக்கும். அவற்றை நசுக்கவோ மெல்லவோ விடக் கூடாது. ஒவ்வொரு மணியின் மீதும் இரைப்பை அமிலத்தைத் தாங்கும் பூச்சு இருக்கிறது. அது குடலுக்குப் போன பிறகுதான் கரைய வேண்டும். சூடான சோற்றிலோ பாலிலோ கலந்து வைத்தால் பூச்சு முன்னதாகவே கெட்டு, நொதி வாயிலேயே வேலையைத் தொடங்கிப் புண்ணாக்கிவிடும், மிச்சத்தை இரைப்பை அமிலம் அழித்துவிடும். ஆப்பிளை வேகவைத்து மசித்து ஆறவைத்த கூழில் ஒரு கரண்டி எடுத்து, அதன் மேல் தூவி, உடனே ஊட்டுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் இதே முறைதான்: கரண்டி நுனியளவு கூழில் கொடுத்துவிட்டுப் பாலூட்டுங்கள், முடிந்ததும் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையே விரலால் தடவி, மணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சைவ உணவுக் குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது மனச்சங்கடம் தரக்கூடியது. அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. கடைகளில் கிடைக்கும் செரிமான டானிக்குகளோ தாவர நொதிகளோ இதற்கு ஈடாகா. உயிர் காக்கும் மருந்து என்ற நிலையில், உங்கள் சமயப் பெரியவரிடம் மனம் விட்டுப் பேசி ஒரு தெளிவுக்கு வாருங்கள். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. மாத்திரைப் புட்டியை அடுப்பு மேடையிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள்; வெப்பத்தில் நொதியின் வீரியம் போய்விடும்.

எந்த எண்ணெய், எந்தக் கொழுப்பு

இந்நோயில் லினோலியிக் அமிலம் என்ற இன்றியமையாத கொழுப்பமிலம் உடலில் குறைவாகவே இருக்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், வால்நட் ஆகியவற்றில் அது உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகவும் குறைவு. தேங்காய் எளிதில் செரிக்கும் என்று சொல்லி அதை மட்டுமே நம்பும் வீடுகள் உண்டு. அதன் கொழுப்பில் ஒரு பகுதி எளிதாக உறிஞ்சப்படுவது உண்மை, ஆனால் பெரும்பகுதிக்கு மாத்திரை வேண்டும். சட்னியிலும் குழம்பிலும் தேங்காய் இருக்கட்டும், தாளிப்பதும் பொடிக்கு ஊற்றுவதும் நல்லெண்ணெயாகவோ கடலை எண்ணெயாகவோ இருக்கட்டும். அசைவம் உண்போருக்கு மத்தி மீனும் முட்டையும் மலிவும் நிறைவும் ஆனவை. எள்ளுருண்டையைக் கட்டாயம் சேர்ப்பேன். வனஸ்பதியில் செய்த பஃப்ஸும் பாக்கெட் நொறுக்குத்தீனியும் கலோரி தரும். ஆனால் முன்னைவிட நீண்ட காலம் வாழப்போகும் பிள்ளைகள் இவர்கள், அவர்களுடைய இதயத்தையும் இன்றே நினைக்க வேண்டும்.

உப்பையும் மறக்கக் கூடாது. இவர்களுடைய வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறும். சித்திரை வெயிலில் உப்புக் குறைந்தாலே பசி மந்தமாகி எடை நின்றுவிடும். கைக்குழந்தைக்கு எவ்வளவு உப்பு என்பதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வைட்டமின் மருந்துகளைக் கொழுப்புள்ள உணவோடும் நொதியோடும் சேர்த்துக் கொடுத்தால்தான் உடலில் சேரும்.

எடை ஏறாதபோது

வாரம் ஒருநாள், காலையில், ஒரே தராசில் எடை பாருங்கள். மாதம் ஒருமுறை உயரமும் குறியுங்கள். பிள்ளைகளுக்கு, உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு (BMI) வயதுக்கேற்ற வரைபடத்தின் நடுக்கோட்டில், அதாவது 50ஆவது சதமானத்தில் இருக்க வேண்டும். வளர்ந்த பெண்களுக்கு 22, ஆண்களுக்கு 23 என்பது குறி.

மலத்தைப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். வெளிறிய நிறம், மிதப்பது, தண்ணீர் ஊற்றியும் பீங்கானில் வழுவழுப்பாக ஒட்டி நிற்பது, மேலே எண்ணெய்ப் படலம், தாங்க முடியாத நாற்றம், வயிற்று உப்புசம் ஆகியவை நொதி போதவில்லை என்பதன் அடையாளங்கள். அப்போது நெய்யைக் குறைக்காமல், மாத்திரை எந்த நேரத்தில் போகிறது, பூச்சு கெடாமல் போகிறதா, எண்ணிக்கை போதுமா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் மாறவில்லையென்றால், குடலில் அமிலம் மிகுந்து மாத்திரை கரையாமல் இருக்கலாம்; அமிலத்தைக் குறைக்கும் மருந்தை மருத்துவர் சேர்ப்பார். மலம் நன்றாக இருந்தும் எடை குறைந்தால் நுரையீரல் தொற்றையும் நீரிழிவையும் சோதிக்க வேண்டும். இந்நோயோடு வரும் நீரிழிவுக்காகப் பத்து வயதிலிருந்து ஆண்டுதோறும் சோதனை உண்டு. அது வந்தால் இன்சுலின் போடுவார்கள், சாப்பாட்டைக் குறைக்கச் சொல்ல மாட்டார்கள். வலது அடிவயிற்றில் வலியும் மலக்கட்டும் வாந்தியும் சேர்ந்து வந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு மாத்திரையைப் போன்ற, அந்த மரபணு உருவாக்கும் பழுதான புரதத்தையே சீராக்கும் மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றையும் கொழுப்புள்ள உணவோடுதான் எடுக்க வேண்டும். அவற்றால் பலருக்கு எடை வேகமாக ஏறுகிறது. சிலருக்கு அளவை மீறியும் போகிறது. அந்த நிலையில் பழைய நெய்க் கணக்கையே தொடராமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உணவியல் நிபுணரோடு உட்கார்ந்து அளவைப் புதிதாக எழுதி வாங்குங்கள்.