நாலு அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்தால்: வட்டாரக் குழு தொடங்கும் வழி

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டிக் கல்வித்துறை நடத்தும் குறுவள மையக் கூட்டம்தான் இருக்கிறதே, நாமே சேரும் இந்தக் குழு எதற்கு என்று கேட்பார்கள். அங்கே சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிறோம். இங்கே தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லலாம்.

1. மூன்று பேர் போதும்

பக்கத்துப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர்கள் இருவரிடம் நேரில் பேசுங்கள். ஒருவர் இயற்பியல் படித்தவர், ஒருவர் தாவரவியலோ விலங்கியலோ படித்தவர் என்றால் நல்லது. பத்தாம் வகுப்பு வரை எல்லாவற்றையும் ஒரே ஆள்தானே நடத்துகிறோம்!

2. நாளை மாற்றாதீர்கள்

இரண்டாம் சனி, காலை 10 முதல் 12. ஆய்வகச் சாவிக்குத் தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். “எல்லாருக்கும் என்றைக்கு வசதி?” என்று கேட்டால் கூட்டம் நடக்காது. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் 30 ஆண்டுகள் ஓடியது. ஆசிரியர்களின் மாதக் கூட்டம் அதில் முக்கியமான அங்கம்.

3. முதல் கூட்டத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

தலைவர், செயலாளர், வரவேற்புரை எதுவும் வேண்டாம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழுங்கள். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். “ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது” என்று நானும் பல வருஷம் நடத்தியவன்தான். எங்கள் கூட்டத்தில் ஒரு டீச்சர் மூன்று மெழுகுவர்த்திகளை வைத்தார். அதே டம்ளர், அதே காற்று. தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. ஆக்சிஜன் கூடிவிட்டதா என்ன? மறுபடி செய்து, குனிந்து பார்த்தோம். சுடர் அணைந்த பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென்று ஏறுகிறது. சூட்டில் விரிந்த காற்று முதலிலேயே கொஞ்சம் வெளியேறிவிடுகிறது, சில சமயம் விளிம்பில் குமிழியாகவே தெரியும். மிச்சக் காற்று ஆறிச் சுருங்கும்போது தண்ணீர் உள்ளே போகிறது. அன்றைக்கு டீ ஆறியதை யாரும் கவனிக்கவில்லை.

4. காசும் பெட்டியும்

ஆளுக்கு 50 ரூபாய். டீ, வடை போக மிச்சத்தில் காந்தம், சிரிஞ்ச், பலூன், எல்இடி வாங்கி ஒரு பெட்டியில் போடுங்கள். யார் எடுத்துப்போனார் என்று நோட்டில் எழுதவும். எங்கள் மல்டிமீட்டர் இன்னும் திரும்பி வரவில்லை.

5. வாட்ஸப்

காலை வணக்கப் படங்களுக்குத் தடை. சொதப்பிய சோதனையின் படம் வரலாம்.

6. இன்னொரு மாவட்டத்தோடு ஒரு வேலை

குழு ஆறு மாதம் தாண்டியதும் நிழலில்லா நாளைப் பிடியுங்கள். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில் உச்சிப்பொழுதில் செங்குத்துக் கம்புக்கு நிழல் விழாது. அதே நாளில், சென்னையின் உச்சிப்பொழுதில் அங்கே ஒரு மீட்டர் கம்புக்கு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். இந்த அளவையும் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தெற்கு வடக்குத் தூரத்தையும் வைத்துப் பூமியின் சுற்றளவைப் பிள்ளைகளே போட்டுவிடலாம். கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டால் பாருங்கள். உச்சிப்பொழுது என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல, சில நிமிடம் தள்ளி வரும். நிழல் மிகக் குட்டையாகும் நேரம் அது.

மேகம் மூடிவிட்டால் செப்டம்பர் 1 வாக்கில், வடக்கே போன சூரியன் திரும்பி வரும்போது பிடித்துக்கொள்ளலாம்.