ஊராட்சியில் சமத்துவத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஊராட்சியின் பொறுப்பை ஏற்பவர், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராயினும் தனி அலுவலராயினும், முதல் வாரத்திலேயே ஒருநாள் விடியற்காலையில் மேல்நிலைத் தொட்டியடியில் போய் நின்று, எந்தத் தெருவின் வால்வு முதலில் திறக்கப்படுகிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். காலனிக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் போகும் என்று எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. எழுதப்படாத வழக்கம் என்பதாலேயே அதைக் கேள்வி கேட்பதும் கடினமாகிறது. ஆகவே முறையை எழுத்தில் கொண்டுவாருங்கள். தெருவாரியாக நேரம் பிரித்து, முதலில் திறக்கும் தெருவை வாரந்தோறும் மாற்றி, அந்த அட்டவணையைத் தொட்டியடியிலும் அலுவலகச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவு நிமிடம் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்கோடிக் குழாயில் நூல்போல ஒழுகும் தண்ணீரில் ஒரு குடம் நிரம்புவதற்குள் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் நாலைந்து குடம் நிரம்பிவிடும். வீட்டுக்கு எத்தனை குடம் கிடைக்கிறது என்று நேரில் பார்த்தே நேரத்தைப் பிரிக்க வேண்டும்.

வேலை கொடுப்பதிலும் பழக்கமே சட்டமாகிவிடுகிறது. தொட்டி இயக்குபவர் ஒரு சாதியாகவும் சாக்கடை அள்ளுபவர் வேறு சாதியாகவும் தொடரும் ஊரில், அடுத்த காலியிடம்தான் அதை மாற்றும் வாய்ப்பு. அறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டுவதோடு நிறுத்தாமல் எல்லாத் தெருக்களிலும் ஒலிபெருக்கியில் வாசிக்கச் செய்து, வந்த விண்ணப்பங்களைப் பதிவேட்டில் ஏற்றி, ஒருவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. அவரே சம்மதித்தார் என்று பிறகு சொல்வது எடுபடாது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் செலவுக்கு ஒப்புதல் தரும் டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கன் (கணினியில் செருகும் சிறு கருவி) கணவரின் சட்டைப்பையிலோ வேறொருவரின் மேசை இழுப்பறையிலோ கிடந்தால் ஒதுக்கீடு காகிதத்தோடு நின்றுவிடும். அதைத் தலைவியே வைத்திருக்க வேண்டும்; செலவுப் பட்டியல் ஒவ்வொன்றையும் அவருக்கு விளக்கிய பிறகே ஒப்பம் கேட்க வேண்டும்.

பட்டியல் சாதித் தலைவரின் நாற்காலியைச் சின்ன விஷயம் என்று எவரும் ஒதுக்கிவிடலாகாது. மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் உள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில், 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு முறையாகத் தேர்தல் நடந்து முடிய 2006 வரை ஆயிற்று. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். இந்த வரலாறு தெரிந்த ஊராட்சிச் செயலர், தலைவரைத் தரையிலோ ஓரத்திலோ உட்காரவைக்கும் பேச்சு எழும்போதே அதை எழுத்தில் பதிந்து மேலதிகாரிக்கு அனுப்புவார். ஊராட்சிப் பதவியிலிருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரை மிரட்டியோ தடுத்தோ கடமையைச் செய்யவிடாமல் ஆக்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கொடியேற்றுவதில் இத்தகைய தலைவர்களுக்குப் பாகுபாடு காட்டப்படக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியிருக்கிறார்.

கிராம சபையை மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது என்பது விதி. அதோடு, ஆண்டுக்கு ஆறு கூட்டங்களில் இரண்டையாவது காலனியில் நடத்துங்கள். எல்லோரும் அங்கே வந்து உட்காரும் காட்சிக்கே தனி மதிப்புண்டு. வந்தவர்களின் எண்ணிக்கையோடு பேசியவர்கள் யார், எந்தத் தெரு என்பதையும் குறிப்பில் சேருங்கள். இரண்டு கூட்டக் குறிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தாலே வாய் திறக்காத தெரு எது என்று தெரிந்துவிடும்.

ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க வகைசெய்யும் சட்டத்திருத்தம் 2025இல் வந்தது. அந்த உறுப்பினர் சக்கர நாற்காலியில் வருபவராக இருந்தால், வாசலில் இரண்டு படி இருந்தாலும் அவரால் உள்ளே வர முடியாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் கட்டி, இருபுறமும் கைப்பிடி வைத்து, அது தொடங்கும் இடத்தில் இருசக்கர வண்டிகளை நிறுத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.