பிரேக் பைப்புக்கு ஃப்ளேர் அடிக்கும்போது சொதப்பும் இடங்கள்

கடற்கரைக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: உப்புக்காற்று முதலில் கேட்டைத் தின்னும், அடுத்து வண்டியின் அடிவயிற்றைத் தின்னும். என் பழைய காரில் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப், கிளிப் பிடித்திருந்த இடத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. சேறும் ஈரமும் கிளிப்புக்கு அடியில் தங்கிவிடுவதால் அங்கேதான் முதலில் அரிக்கும். நானே மாற்றுகிறேன் என்று இறங்கினேன். மாற்றியும் விட்டேன், மூன்றடி பைப்பை வீணாக்கிய பிறகு.

நட் பிடித்துக்கொள்ளும்படி பைப்பின் வாயை விரித்து மடிப்பதுதான் ஃப்ளேர். அதில் முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. ஹார்டுவேர் கடையில் ‘ஃப்ளேரிங் டூல்’ என்று கேட்டால் பெரும்பாலும் ஏசி, ஃப்ரிட்ஜ் வேலைக்கான செட்டைத்தான் எடுத்து வைப்பார்கள். அது பைப் வாயை ஒரே மடிப்பாக விரிக்கும். மெத்தென்ற செம்புக் குழாய்க்கு அது போதும். பிரேக் பைப்போ பொதுவாக 4.75 மி.மீ. வெளிவிட்டமுள்ள இரும்புக் குழாய். அதன் சுவர் 0.7 மி.மீ. அளவுதான். ஒற்றை மடிப்பில் விரித்தால் விளிம்பு மெலிந்து கீறல் விடும். டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். பெடலை ஓங்கி மிதிக்கும்போது இந்தப் பைப்புக்குள் 100 பார் வரைகூடப் போகும். அதனால்தான் இங்கே விளிம்பை உள்ளே மடித்து இரட்டையாக்குகிறார்கள்.

மிச்சமிருக்கும் ஏசி செம்புக் குழாயைப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வளைக்க சுகமாகத்தான் இருக்கும். ஆனால் வண்டியின் அதிர்வில் செம்பு நாளடைவில் இறுகி வெடிப்பு விடும். துருப்பிடிக்காத பைப் வேண்டுமென்றால் பிரேக்குக்கென்றே விற்கும் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் இருக்கிறது. கைக்கும் வசமாக வளையும். அரித்த துண்டை மட்டும் வெட்டிவிட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற மாதிரி கம்ப்ரெஷன் ஜாயின்ட் வைத்து ஒட்டுப்போடுவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எந்த ஃப்ளேர் என்பதைப் பழைய பைப்பைக் கழற்றியதும் அது கோத்திருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கூம்பு ஒன்று நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் இரட்டை ஃப்ளேர். கூம்பு உள்ளே குழிந்திருந்தால் குமிழ் ஃப்ளேர், அதாவது வாய் குமிழ் போலப் புடைத்திருப்பது. ஜப்பானிய வழி வண்டிகளில் பெரும்பாலும் முன்னது, ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் பின்னது. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்து நட்டை முறுக்கினால் உட்காருவது போலத் தெரியும், மிதித்ததும் கசியும்.

வெட்டுவதற்கு ஹேக்சா வேண்டாம். வாய் கோணும், இரும்புத்தூள் உள்ளே போகும். சிறிய பைப் கட்டரைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாக இறுக்குங்கள். கட்டரும் உள்விளிம்பில் பிசிறு விடும். அதை எடுக்காமல் மடித்தால் அந்த இடத்தில்தான் வெடிக்கும். நான் வீணாக்கிய முதல் துண்டு அப்படித்தான் போனது.

இரண்டாவது துண்டின் கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரு முனையிலும் அழகாக ஃப்ளேர் அடித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால், கோக்க வேண்டிய நட் இரண்டும் மேஜையில் உட்கார்ந்திருக்கின்றன. நட்டைப் போட்டு, அதன் மரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சரிபார்த்த பிறகே கருவியைத் தொடுங்கள்.

இரட்டை ஃப்ளேர் மடிப்பில் நுணுக்கம் ஒன்றே ஒன்று: கருவியின் பிடிகட்டையில் இறுக்கிய பைப் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பது. செட்டில் வரும் குட்டி அச்சைப் பைப் பக்கத்தில் பக்கவாட்டில் நிறுத்துங்கள். அதன் படிக்கட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவே நீட்ட வேண்டும். குறைந்தால் மடிப்பு முழுதாக வராது, கூடினால் சுருங்கிக் கோணும். முனையில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி, அச்சைச் செருகி, கட்டையில் முட்டும் வரை இறுக்கினால் வாய் காளான் போல உள்வாங்கும். அச்சை எடுத்துவிட்டுக் கருவியின் கூம்பு முனையால் மெதுவாக அழுத்தினால் அந்த விளிம்பு உள்ளே படிந்துகொள்ளும். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழைக் கீறல் தெரிந்தாலும், மடிப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் வெட்டி எறியுங்கள். கட்டை வழுக்கிப் பைப் பின்வாங்கினால் கோணல் நிச்சயம், அதனால் இறுக்கும் திருகில் கஞ்சத்தனம் கூடாது.

மாட்டும்போது நட்டைக் கையால் மூன்று நான்கு சுற்று ஏற்றிவிட்டே ஸ்பேனர் எடுங்கள். சாதாரண ஸ்பேனர் நட்டின் மூலைகளை மழுக்கும். ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்குவது வீண்செலவில்லை. டெஃப்லான் டேப்புக்கு இங்கே வேலை இல்லை. அடைப்பது மரை அல்ல, ஃப்ளேரின் முகம். கசிந்தால் மேலும் மேலும் முறுக்குவதும் பலன் தராது. கழற்றி முகத்தைப் பாருங்கள். பைப் சைலன்சரை ஒட்டியோ டயர் திரும்பும்போது உரசும்படியோ போகாமல், பழைய கிளிப்புகள் எல்லாவற்றிலும் மாட்டுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், பெயின்ட்டையும் உரிக்கும். ப்ளீட் செய்து, அதாவது பைப்பிலுள்ள காற்றை ஆயிலோடு வெளியேற்றி, பிடித்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டப்பாவில் ஆயில் மட்டத்தை ஒருமுறை காலியாக விட்டாலும் காற்று புகுந்து வேலை முதலிலிருந்து தொடங்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் சில வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் வெளியேறாது. அங்கே பட்டறைக்குப் போவதே மரியாதை.

கடைசியாக, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து, எஞ்சினை ஓட விட்டு, ஒருவரைப் பெடலை ஓங்கி மிதித்து ஒரு நிமிஷம் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூவால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். எனக்குப் பின்பக்க நட்டில் பொட்டு அளவு ஈரம் தெரிந்தது. கழற்றினேன், மூன்றாவது துண்டு அப்படித்தான் வீணானது.